நாற்பது பெர்சன்ட் அத்தான்

என் அக்கா புருஷனுக்கு மனிதர்களின் முகம் ஞாபகம் இருக்காது. தோல்தான் ஞாபகம் இருக்கும். தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் பதிலுக்குச் சிரிப்பார். ஆனால் கண் மட்டும் அவர்கள் கழுத்துக்குப் பின்னால், முழங்கைக்கு அடியில், காது மடலுக்கு உட்புறம் என்று மேய்ந்துகொண்டே இருக்கும். ஆள் போன பிறகு, "யார் அத்தான் அது?" என்று கேட்டால், "படர்தாமரைக்காரர்" என்பார். அவர் என்ன தொழில் செய்கிறார், எங்கே குடியிருக்கிறார், எதுவும் தெரியாது. படர்தாமரை எங்கே, எவ்வளவு அகலத்துக்குப் படர்ந்திருந்தது என்பது மட்டும் தெரியும். அதை நமக்கும் சொல்லிவிடுவார், நாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும்.

பேருந்தில் அவருக்கு முன் இருக்கையில் உட்காருகிறவர்கள் பாவம் செய்தவர்கள். பின்கழுத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே வருவார். பொறுக்க முடியாத கட்டத்தில் தோளைத் தட்டி, "இது எவ்வளவு நாளா இருக்கு?" என்று ஆரம்பிப்பார். சிலர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போயிருக்கிறார்கள். சாவு வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். அழுதுகொண்டிருப்பவரின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்வார். பிடித்த கையைத் திருப்பி உள்ளங்கையையும் ஒரு பார்வை பார்த்துவிடுவார்.

அத்தான் டாக்டர் இல்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் மருந்துக் கடையில் கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறவர். பாட்டில் துடைக்கச் சேர்ந்தவர், துடைத்துத் துடைத்து மருந்தின் பெயர்களைப் படித்து, படித்ததை நாலு பேரிடம் சொல்லி, சொன்னதை அவர்கள் நம்பி, இப்படித்தான் அரை டாக்டர் ஆனார். கடைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு மருந்தாளுநர் சான்றிதழ் தொங்கும். அது வேறொருவருடையது. அந்த வேறொருவரைத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. கடை முதலாளி பார்த்திருக்கிறாரா என்பதே எனக்குச் சந்தேகம். வருகிறவர்கள் அத்தானைத்தான் "டாக்டர்" என்று கூப்பிடுவார்கள். "அப்படிக் கூப்பிடாதீங்க" என்பார் அத்தான். இன்னொரு தடவை கூப்பிடுங்கள் என்று கேட்கிற குரலில் சொல்வார். முதுகுக்குப் பின்னால் தெருவே அவரைக் களிம்பு என்றுதான் சொல்லும்.

அந்தப் பெயர் வந்தது சாலிசிலிக் அமிலத்தால்.

ஒருநாள் மதியம் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி ஒருவர், கழுத்துப்பட்டையும் வியர்வையுமாகக் கடைக்கு வந்து முதலாளிக்கு விளக்கம் சொன்னாராம். முதலாளி உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். கேட்டது அத்தான்தான். தோலின் மேல் செத்த செல்கள் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டு கிடக்கும். இந்த அமிலம் அந்த ஒட்டை இளக்கிவிடும். செத்தது தானாக உதிரும். துளை அடைத்துப் பரு வந்ததா, அடைப்பைத் திறக்கும். தலையில் பொடுகா, செதிலைக் கழற்றும். சொரியாசிஸில் தடிப்புத் தடிப்பாகப் பொருக்கு கட்டுமே, அதை உரித்தால்தான் மற்ற மருந்து உள்ளே இறங்கும், உரிக்க இது. இன்னொரு அமிலத்தோடு சேர்த்தால் படர்தாமரைக்கு. குதிகால் வெடிப்புக்கு, மருவுக்கு, கால் ஆணிக்கு. ஒரே மருந்துக்கு இத்தனை வேலையா என்று அத்தான் வாயைப் பிளந்து நின்றிருக்கிறார். எதற்கு எத்தனை பெர்சன்ட், யாருக்கெல்லாம் போடக் கூடாது என்று பிரதிநிதி அடுத்ததை ஆரம்பிக்கும்போது இருமல் மருந்து கேட்டு ஒருவர் வந்துவிட்டார். அத்தான் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் பிரதிநிதி பையை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார். பாதிப் பாடத்தோடு தொடங்கியது அத்தானின் வைத்தியம்.

மருந்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நல்ல மருந்துதான். ஆட்டோக்காரர் ஒருவரின் விரலில் வருடக்கணக்காகக் கிடந்த மரு அத்தான் கொடுத்த திரவத்தில் உதிர்ந்தது உண்மை. பொடுகு கொட்டித் தோளெல்லாம் வெள்ளையாகத் திரிந்த ஒரு வாத்தியார் கறுப்புச் சட்டை போட ஆரம்பித்ததும் உண்மை. வந்த வினையே அங்கேதான். ஒன்றிரண்டு பலித்ததும் அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை.

கேட்காமல் விட்ட பாதியைத் தன் சொந்த மூளையால் நிரப்பிக்கொண்டார். பெர்சன்ட் என்பது பரீட்சை மார்க் மாதிரி என்று முடிவு செய்துவிட்டார். இரண்டு வாங்கியது சோப்ளாங்கி. ஆறு பரவாயில்லை. பன்னிரண்டு கெட்டிக்காரன். நாற்பது என்றால் வகுப்பிலேயே முதல் பையன். பிடிக்காத வாடிக்கையாளருக்கு இரண்டு கொடுப்பார். வேண்டியவர்களுக்கு அலமாரியின் மேல்தட்டில் தனியாக எடுத்து வைத்திருப்பார்.

நான் வேண்டியவள். அதனால் மாட்டிக்கொண்டேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்கு நேர்முகத் தேர்வு. கன்னத்தில் மூன்று பருக்கள். பருவுக்கு இரண்டு பெர்சன்ட் போதும் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று அத்தான், "உனக்குப் போய் ரெண்டு குடுப்பேனா?" என்று குதிகாலுக்கான பன்னிரண்டைக் கையில் திணித்தார். இரவு தடவிப் படுத்தேன். விடிந்ததும் கண்ணாடியில் பார்த்தால் வெந்நீரில் போட்டெடுத்த தக்காளி மாதிரி ஒரு முகம் என்னைப் பார்த்தது. அதோடுதான் போனேன். கடைக்காரர் என் படிப்பைக் கேட்கவில்லை. "தீ விபத்தாம்மா?" என்றுதான் கேட்டார். வேலை கிடைத்தது, பாவம் பார்த்துக் கொடுத்தார்கள். அத்தான் அதையும் தன் மருந்தின் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். "நம்ம களிம்பு போட்டுட்டுப் போனா, அன்னைக்கே வேலை" என்று கடையில் அளந்து விடுவதை என் காதால் கேட்டேன்.

சலூன்காரர் தாடையில் இருந்த மச்சத்தை மரு என்று எண்ணிச் சுட்டுக் குழி விழ வைத்த கதையும் உண்டு. அதற்கப்புறம் கொஞ்ச நாள் அத்தான் தலைமுடி வெட்டிக்கொள்ளவே இல்லை. சலூனைத் தாண்டும்போது குடையை அந்தப் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு போவார், மழை இல்லாத நாளிலும்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவள்தான் நான். அத்தான் அக்கா காலில் கை வைக்கும் வரை.

அக்காவுக்குக் கல்லூரி விடுதியின் சமையல்கூடத்தில் வேலை. சிமென்டுத் தரையில் காலையிலிருந்து மாலை வரை நிற்க வேண்டும். இடது காலில், சுண்டுவிரலுக்குக் கீழே ஆணி விழுந்தது. சின்னக் கல் ஒன்று தோலுக்குள் மாட்டிக்கொண்டது போல இருக்கிறது என்று ஆரம்பத்தில் சொன்னாள். கொஞ்ச காலத்தில் சொல்வதை நிறுத்திவிட்டாள். வலி போய்விட்டது என்று நினைத்தோம். போனது வலி இல்லை.

அக்காவுக்குச் சர்க்கரை இருந்தது, பல வருடங்களாக. மாத்திரையை மாதா மாதம் கடையிலிருந்து எடுத்து வருபவரே அத்தான்தான். ஒருநாள் அக்கா வேலைக்குக் கிளம்பித் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. வழியில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது, அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு பேருமாகத் தேடிப் போனால் பால் கடை வாசலில் கிடந்தது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அத்தானும் சிரித்தார். அந்தச் சர்க்கரை கால் நரம்புகளை விளக்கை அணைக்கிற மாதிரி ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்திருக்கிறது. எங்கள் மூன்று பேருக்கும் அது உறைக்கவில்லை. மாத்திரை விற்கிறவருக்காவது உறைத்திருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா, "இந்த ஆணி செருப்புல இடிக்குது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். அத்தான் கடைக்கு ஓடிப் போய் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். நான் மாடியில் குடியிருப்பவள். துணி எடுக்க இறங்கி வந்தபோது, அக்கா கட்டிலில் உட்கார்ந்து ஸ்டூல் மேல் காலை நீட்டியிருந்தாள். அத்தான் கையில் கத்தரிக்கோல், திறப்பு விழாவுக்கு வந்தவர் போல. பெட்டியில் இருந்தது கால் ஆணிக்கான பிளாஸ்திரி. வட்டமான பஞ்சு வளையம், நடுவில் பொட்டு மாதிரி மருந்து. நாற்பது பெர்சன்ட்.

"இதைவிடக் கம்மியா ஒண்ணும் இல்லையா?" என்றாள் அக்கா.

"கம்மியா? கடையில நிக்கிறவன் சொந்தப் பொண்டாட்டிக்குப் பன்னெண்டு குடுத்தான்னு நாளைக்கு நாலு பேரு பேசணுமா?"

நான் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். கண்ணாடிக் கடையில் வேலை செய்வதால் பொடி எழுத்தைப் படிக்கும் பழக்கம் உண்டு. "அத்தான், சர்க்கரை உள்ளவங்க போடக் கூடாதுன்னு இதுல எழுதியிருக்கே" என்றேன்.

"அது உனக்காக எழுதினது இல்ல. கோர்ட்டுக்காக எழுதினது. கம்பெனிக்காரன் தப்பிச்சுக்கறதுக்கு எல்லாத்துலயும் போடுவான்."

"அவளுக்குச் சர்க்கரை இருக்கே."

"சர்க்கரை ரத்தத்துல இருக்கு. நான் ஒட்டுறது தோல்ல. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டுவிட்டு ஒட்டிவிட்டார்.

மறுநாள் கேட்டார், "எரியுதா?"

"ஒண்ணுமே தெரியல" என்றாள் அக்கா.

அத்தானுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "பாத்தியா? மத்தவங்க எல்லாம் எரியுது எரியுதுன்னு கத்துவாங்க. உங்க அக்கா உடம்பு மருந்தை அப்படியே ஏத்துக்குது" என்று என்னிடம் பெருமை பேசினார். பழையதை எடுத்துப் போட்டுவிட்டுப் புதியதை ஒட்டினார். அதன் மேல் இன்னொன்று. சுற்றிலும் தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தது. அது நல்ல அறிகுறி என்றார். அவருக்கு எல்லாமே நல்ல அறிகுறி. ஒருநாள் ஆணி பெயர்ந்து வந்தது. அதைக் காகிதத்தில் மடித்துக் கடைக்கு எடுத்துப் போய், வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டியிருக்கிறார். ஆணி இருந்த இடத்தில் இருந்த குழியை அவர் சரியாகப் பார்க்கவில்லை. ஏதோ பவுடரைத் தூவி, "உள்ளேருந்து வளர்ந்து மூடிக்கும்" என்றார்.

மூடவில்லை. ஒருநாள் காலையில் நான் படியிறங்கி வரும்போது கூடத்துத் தரையில் ஈரமான கால்தடங்கள். அக்கா குளித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் குளிக்கவில்லை. குனிந்து பார்த்தேன். வாடை மூக்கில் அடித்தது. அவளை உட்கார வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தால் சுண்டுவிரல் கறுத்திருந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்துத்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டாள். அவள் காலில் நடந்தது அவளுக்கு என் முகத்திலிருந்து தெரிய வேண்டியிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன்.

அத்தான் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "அங்க போனா சும்மா பயமுறுத்துவாங்க. நாலு நாள் பொறு. நல்ல ஆன்டிபயாடிக் கொண்டு வர்றேன்."

"நகருங்க அத்தான்."

"யாரு ஒட்டினதுன்னு கேப்பாங்க. கடை பேரு என்ன ஆகும்? என் பேரு என்ன ஆகும்?"

அக்காவின் காலில் பாதம் தங்குமா போகுமா என்று நான் நடுங்கிக்கொண்டிருக்கிறேன். இந்த மனுஷன் தன் பெயரைப் பற்றிப் பேசுகிறார். அன்று நான் அவரைத் திட்டிய திட்டை எழுத முடியாது. எதிர் வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்துவைத்துக் கேட்டார்கள். ஆட்டோ வந்தது. அத்தானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

மருத்துவமனையில் சின்ன வயது டாக்டரம்மா. அக்காவைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் ஒரு மெல்லிய நரம்பு மாதிரிக் கம்பியால் இங்கும் அங்கும் தொட்டார். "தொடும்போது சொல்லுங்கம்மா" என்றார். அக்கா காத்திருந்தாள். அவர் தொட்டு முடித்துக் கையைக் கழுவியும் ஆயிற்று. "எப்ப தொடுவீங்க?" என்று கேட்டாள் அக்கா.

டாக்டரம்மா புண்ணை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். பிறகு, "இதுல என்ன போட்டீங்க?" என்றார்.

அத்தான் சுவரில் ஒட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தை அதுவரை எலும்பையே காணாதவர் போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் யார் எதைக் கேட்டாலும் முந்திக்கொண்டு பதில் சொல்கிற வாய். அன்றைக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது.

"நானேதான் ஆணிக்குப் பிளாஸ்திரி வாங்கி ஒட்டினேன்" என்றாள் அக்கா.

"சர்க்கரை இருக்கறவங்க ஒட்டக் கூடாதும்மா. அது ஆணியை மட்டும் அரிக்காது, நல்ல தோலையும் சேத்து அரிக்கும். மத்தவங்களுக்கு எரியும், எடுத்துடுவாங்க. உங்களுக்கு எரியறதே தெரியாது. ரத்த ஓட்டமும் கம்மி, புண்ணு ஆறாது. கடைல உங்களைக் கேக்கலையா?"

அப்போது அத்தான் படத்திலிருந்து திரும்பினார். தலையை ஆட்டிக்கொண்டே, "சொன்னா கேக்கமாட்டா டாக்டர். எல்லாம் தன் இஷ்டம்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். வளையல் உடைந்துவிடும் போல இருந்தது. அவள் அத்தானைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் பாதத்தோடு எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று சொன்னார்கள். அக்கா வார்டில் படுத்திருந்தபோது அத்தான் பக்கத்துக் கட்டில்காரரின் குதிகால் வெடிப்பை விசாரித்துக்கொண்டிருந்தார். அந்த நோயாளியின் மகனிடம் ஏதோ பெர்சன்ட் கூட எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு தெருவே வந்து பார்த்தது. அத்தான் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் சொன்னார்: சர்க்கரைதான் காரணம், இவள் வாயைக் கட்டவில்லை, நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன், கேட்கவில்லை. சொல்லச் சொல்லக் கதை மெருகேறியது. கடைசியில் விரலைக் காப்பாற்ற அவரே ராப்பகலாகப் போராடியதாக முடிந்தது. "இப்படிப் பாத்துக்கற புருஷன் யாருக்குக் கிடைக்கும்?" என்று பால் கடைக்காரர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கட்டிலில் படுத்தபடி அக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். விடுதி வேலை போய்விட்டது. நிற்க முடியாதவளுக்குச் சமையல்கூடத்தில் என்ன வேலை?

"நீ ஏன் அவரைக் காப்பாத்தின?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"அவரே சொல்லுவாருன்னு நெனச்சேன். நான் முந்திக்கிட்டு பழியை எடுத்துக்கிட்டா, வெக்கப்பட்டு, இல்ல டாக்டர் நான்தான்னு சொல்லுவாருன்னு" என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். என் அக்காவுக்கு இருபது வருடக் கல்யாணத்துக்குப் பிறகும் அந்த மனுஷன் மேல் அவ்வளவு நம்பிக்கை இருந்திருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

கால் ஆறி, நடக்கலாம் என்று அனுமதி கிடைத்த அன்று சாயந்தரம், "என்னைக் கடைக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள். ஆட்டோவில் போனோம். கவுன்டருக்கு முன்னால் ரத்த அழுத்தம் பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு நாற்காலி இருக்கும். அதில் உட்கார்ந்தாள். அத்தானுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "என்ன, ஏதாவது வேணுமா?" என்றார்.

"ஒண்ணும் வேணாம். நீங்க வேலையைப் பாருங்க."

பேருந்து நிலையக் கூட்டம் கலைகிற நேரம். ஒரு கண்டக்டர் தோல்பையோடு வந்தார். "டாக்டர், அம்மாவுக்குக் கால் ஆணி. அந்தப் பெரிய பெர்சன்ட் பிளாஸ்திரி குடுங்க" என்றார். அத்தான் அக்காவை ஒரு பார்வை பார்த்தார். அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய கை பழக்கதோஷத்தில் மேல்தட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுத்து வைத்தது.

"உங்க அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கா?" என்று கேட்டாள் அக்கா.

"இருக்குங்க. மாத்திரை இவர்கிட்டதான் வாங்குறேன்."

அக்கா செருப்பைக் கழற்றினாள். குனிந்து காலுறையையும் கழற்றிவிட்டுக் காலை முன்னால் நீட்டினாள். நாலு விரல் பாதம், விளிம்பில் தையல் போட்ட தழும்பு. கண்டக்டர் ஓரடி பின்னால் நகர்ந்தார். "என்னம்மா ஆச்சு?"

"இதே பிளாஸ்திரிதான்."

"அட கடவுளே. யாரு ஒட்டினது?"

கடைக்குள் மாத்திரை வாங்க நின்ற இரண்டு மூன்று பேரும் திரும்பினார்கள். கல்லாவில் இருந்த முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஆஸ்பத்திரில நான் சொல்லிட்டேன். இங்க நீங்க சொல்லுங்க" என்றாள் அக்கா, அத்தானைப் பார்த்து. குரலை உயர்த்தவில்லை.

அத்தான் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். ஏதோ பூசி மெழுகப் போகிறார் என்று நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "நான்தான்" என்றார், உதடு மட்டும் அசைந்தது.

"அவருக்குக் கேக்கல. வர்றவங்ககிட்ட எல்லாம் சத்தமாத்தானே பேசுவீங்க?"

"நான்தான் ஒட்டினேன்."

"எனக்குச் சர்க்கரை இருக்குன்னு தெரியாம ஒட்டினீங்களா?"

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். "தெரிஞ்சுதான்" என்றார். கண்டக்டர் பெட்டியை ஒரு விரலால் அத்தான் பக்கமாகத் தள்ளிவிட்டு, வாங்காமலே இறங்கிப் போனார்.

அக்கா நிதானமாகக் காலுறையை மாட்டினாள், செருப்பை மாட்டினாள், என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்கும் வருவேன்" என்றாள்.